தலையணைக்குள் ஒளிந்திருந்த வேதம்
பர்மாவில் ஜட்சன் குடும்பம் பட்ட பாடு

பர்மிய மொழியில் பைபிள் முழுவதையும் முதன் முதலில் மொழிபெயர்த்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் அடோனிராம் ஜட்சன். பிறந்தது அமெரிக்காவில். உழைத்தது பர்மாவில். உடல் அடங்கியது நடுக்கடலில்!

எடுத்துக் கொண்ட வேலைக்காக அவர் இரண்டு மனைவியரையும் பல குழந்தைகளையும் பறிகொடுத்தார். மரணச் சிறையில் காலில் விலங்குடன் கிடந்தார். பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய கையெழுத்துப் பிரதி, ஒரு பழைய தலையணைக்குள் கிடந்து அழிவிலிருந்து தப்பியது. நாவல்களில் கூடக் காண முடியாத திருப்பங்கள் நிறைந்தது அந்தக் குடும்பத்தின் வரலாறு.

பாதிரியார் மகன்

1788-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் என்ற ஊரில் ஜட்சன் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். பையனுக்கு மூன்று வயது நடந்தபோது தந்தை வெளியூர் போயிருந்தார். அந்தச் சமயத்தில் தாய் மகனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார். தந்தை திரும்பி வந்ததும், சிறுவன் பைபிளில் ஓர் அதிகாரத்தைத் தங்கு தடையின்றி வாசித்துக் காட்டினான். தந்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை!

1807-ல் பிரவுன் பல்கலைக் கழகத்தில் முதல் மாணவராகத் தேறினார் ஜட்சன். அப்போது அவருக்கு வயது 19. படிப்பு வந்தது, ஆனால் தந்தையின் மதத்தில் நம்பிக்கை போய்விட்டது. ஜேக்கப் ஈம்ஸ் என்ற கல்லூரித் தோழரின் சகவாசமே அதற்குக் காரணம். உலகத்தைப் படைத்ததோடு கடவுளின் வேலை முடிந்தது, மனிதரின் காரியங்களில் அவர் தலையிடுவதில்லை என்பது ஈம்ஸின் கொள்கை. ஜட்சனும் அதையே பிடித்துக் கொண்டார். பெற்றோர் மனம் உடைந்தார்கள்.

சத்திரத்தில் ஓர் இரவு

1808-ல் ஊர் ஊராகச் சுற்றி வந்த ஜட்சன், ஒரு நாள் இரவு ஒரு கிராமத்துச் சத்திரத்தில் தங்கினார். அடுத்த அறையில் ஒரு வாலிபன் சாகக் கிடந்தான். முனகல் சத்தமும், ஆட்கள் நடமாடும் ஓசையும் ஜட்சனைத் தூங்க விடவில்லை. சாகப் போகிறவனுக்கு மறுமையைப் பற்றி என்ன நம்பிக்கை இருக்கும் என்ற எண்ணம் அவரை வாட்டியது. இந்தப் பயத்தைக் கண்டால் ஈம்ஸ் சிரிப்பானே என்று நினைத்து வெட்கமும் பட்டார்.

காலையில் சத்திரக்காரரிடம் விசாரித்தார். வாலிபன் இறந்து விட்டதாகத் தெரிந்தது. யார் அவன் என்று கேட்டார். கிடைத்த பதில் அவரை இடி போலத் தாக்கியது. இறந்தவர் ஜேக்கப் ஈம்ஸ்!

ஜட்சன் வீடு திரும்பினார். ஆண்டோவரில் இருந்த வேதக் கல்லூரியில் சேர்ந்தார். 1809-ல், இந்தியாவில் பணி புரிந்த குளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியாரின் பிரசங்கம் ஒன்று அச்சில் அவர் கைக்குக் கிடைத்தது. கீழ்நாடுகளுக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஆசை அன்று பற்றிக் கொண்டது. ஆங்கிலத் தூதர் மைக்கேல் சைம்ஸ் எழுதிய பர்மா பிரயாணப் புத்தகம் அந்த ஆசைக்கு எண்ணெய் வார்த்தது.

பெண் கேட்ட விதம்

பிராட்போர்டு என்ற ஊரைச் சேர்ந்தவர் ஆன் ஹாசல்டைன். நல்ல படிப்பு, கலகலப்பான சுபாவம், அழகு எல்லாம் உடையவர். ஜட்சன் அவரை விரும்பினார். ஆனால் அவர் பெண் கேட்டு எழுதிய கடிதத்தைப் போல இன்னொரு கடிதத்தை எந்தத் தகப்பனாரும் பெற்றிருக்க மாட்டார்.

மகளை இந்த உலகத்தில் மீண்டும் பார்க்க முடியாமல் போகலாம். வெப்ப நாட்டின் நோயும், வறுமையும், அவமதிப்பும், ஒருவேளை கொடிய சாவும் அவளுக்கு நேரலாம். இவற்றுக்கெல்லாம் சம்மதமா என்று ஜட்சன் ஒளிவு மறைவு இல்லாமல் கேட்டிருந்தார். தந்தை முடிவை மகளிடம் விட்டார். மகள் சம்மதித்தார்.

1812 பிப்ரவரி 5-ந் தேதி கல்யாணம். மறுநாள் ஜட்சனுக்குப் பாதிரியார் பட்டம். இரண்டு வாரத்தில், பிப்ரவரி 19-ந் தேதி, சேலம் துறைமுகத்திலிருந்து காரவன் என்ற கப்பலில் தம்பதிகள் புறப்பட்டார்கள். (நம் ஊர் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம்.) மணமகனுக்கு வயது 23. மணமகளுக்கு 22. அமெரிக்காவிலிருந்து மதப் பணிக்காகக் கீழ்நாட்டுக்குக் கப்பல் ஏறிய முதல் கோஷ்டியில் அவர்கள் இருந்தார்கள்.

சென்னையில் பதினெட்டு நாள்

ஜூன் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களை வரவேற்றவர் வில்லியம் கேரி. விரட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி! பாதிரிமார்கள் வந்தால் வியாபாரத்துக்குத் தொல்லை என்பது கம்பெனியின் எண்ணம். அதோடு அந்த ஆண்டில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. அமெரிக்கர்கள் மீது சந்தேகம் அதிகரித்தது. வெளியேறும்படி உத்தரவு பிறந்தது.

மொரீஷியஸ் தீவுக்குப் போனார்கள். கூடக் கப்பலில் வந்த ஹாரியட் நியூவெல் என்ற இளம்பெண், அவர்களுக்கு முன்பே அங்கு போய், 19 வயதில் பிரசவத்துக்குப் பின் இறந்து போயிருந்தார்.

அங்கிருந்து 1813 ஜூன் 4-ந் தேதி சென்னைக்கு வந்தார்கள். லவ்லெஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் குடும்பத்தினர் அன்போடு இடம் கொடுத்தார்கள். ஆனால் சென்னையும் கம்பெனி ஆட்சியில் இருந்த ஊர்தானே? பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பி விடுவார்கள் என்ற பயம் இருந்தது. துறைமுகத்தில் புறப்படத் தயாராக இருந்த கப்பல் எது என்று தேடினார்கள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜார்ஜியானா என்ற அந்தப் பழைய கப்பல் ரங்கூனுக்குப் போவதாக இருந்தது.

பர்மாவுக்குப் போக வேண்டாம், அங்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றுதான் எல்லோரும் அவர்களை எச்சரித்திருந்தார்கள். ஆனால் வேறு வழி இல்லை. ஜூன் 22-ந் தேதி கப்பல் ஏறினார்கள். வழியில் ஆன் அம்மையாருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ஜூலை 13-ந் தேதி கப்பல் ரங்கூனை அடைந்தபோது, அவரால் எழுந்து நடக்கவும் முடியவில்லை.

அகராதி இல்லாத மொழி

பர்மிய மொழியைக் கற்க அன்று சரியான இலக்கணப் புத்தகம் கிடையாது, அகராதியும் கிடையாது. ஓலைச் சுவடியில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டு பிடிப்பதே பெரும்பாடு. வாத்தியாருக்கோ ஆங்கிலம் தெரியாது. ஒரு பொருளை விரலால் சுட்டிக் காட்டுவார் ஜட்சன். அதன் பெயரைச் சொல்லுவார் வாத்தியார். இப்படித்தான் பாடம் நடந்தது.

வீட்டு நிர்வாகமும் கடைத்தெருப் பேச்சும் ஆன் அம்மையார் கையில் இருந்தன. அதனால் பேச்சு மொழியில் அவர் கணவரை முந்திக் கொண்டார். பின்னால் சயாம் மொழியையும் கற்று, மத்தேயு சுவிசேஷத்தை அந்த மொழியில் பெயர்த்தார்.

1815-ல் ரோஜர் என்ற ஆண் குழந்தை பிறந்தது. வெள்ளைக்காரக் குழந்தையைப் பார்க்க பர்மியப் பெண்கள் ஆவலோடு வருவார்கள். எட்டு மாதத்தில் குழந்தை காய்ச்சலில் இறந்தது.

ஆறு ஆண்டு, ஒரே ஒருவர்

பர்மாவில் புத்த மதம் வேரூன்றியிருந்தது. ஊருக்கு ஊர் மடங்கள் இருந்தன. பிக்ஷுக்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்நியர் ஒருவர் வந்து புது மதத்தைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் பாதை ஓரத்தில், அந்நாட்டு வழக்கப்படி ஜட்சன் ஒரு சாவடி கட்டினார். அங்கே உட்கார்ந்து போவோர் வருவோரிடம் பேசினார். 1819 ஜூன் 27-ந் தேதி மௌங் நௌ என்ற உழைப்பாளி ஞானஸ்நானம் பெற்றார். ஜட்சன் ரங்கூனில் கால் வைத்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் ஆள் அவர்தான்!

புதிய அரசர் பாஜிதாவிடம் மத சுதந்திரம் கேட்க, ஜட்சன் ஐராவதி நதி வழியே தலைநகருக்குப் போனார். அரசர் மனுவைப் பார்த்தார். கொடுத்த துண்டுப் புத்தகத்தில் இரண்டொரு வரி படித்தார். கையிலிருந்து கீழே போட்டு விட்டார். பேட்டி முடிந்தது!

ஜட்சன் ஊர் திரும்பி மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1823-ல் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார். உடல் நலம் கெட்டு அமெரிக்கா போயிருந்த ஆன் அம்மையார் அந்த ஆண்டின் இறுதியில் திரும்பி வந்தார். இருவரும் தலைநகர் ஆவாவில் குடியேறினார்கள். அப்போது போர் வந்தது.

கன்னத்தில் வடு உள்ள மனிதன்

1824 மார்ச்சில் கம்பெனி அரசாங்கம் பர்மா மீது போர் தொடுத்தது. சென்னை மாகாணப் பட்டாளங்களும் சேர்ந்த படை மே மாதத்தில் ரங்கூனைப் பிடித்தது. ஆவாவில் இருந்த வெள்ளையர் அத்தனை பேரும் ஒற்றர்கள் என்று அரசாங்கம் முடிவு கட்டியது. ஜட்சனுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பணம் கூகர் என்ற ஆங்கில வியாபாரி மூலமாகக் கைமாறி வந்தது. கணக்குப் புத்தகத்தில் அது தெரிந்ததும் சந்தேகம் உறுதிப்பட்டது.

ஜூன் 8-ந் தேதி. ஜட்சன் வீட்டில் சாப்பாட்டு நேரம். அதிகாரிகள் உள்ளே புகுந்தார்கள். அவர்களோடு கன்னத்தில் சூட்டு வடு உள்ள ஒருவன் வந்தான். அந்த வடு கொலைச் சேவகர்களுக்கு அடையாளம். ஜட்சனைக் கீழே தள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். அம்மையார் பணம் கொடுத்துக் கெஞ்சியும் கட்டைத் தளர்த்தவில்லை.

கொண்டு போன இடம் மரணச் சிறை. லெட்-மா-யூன் என்று அதற்குப் பெயர். கை கூசாதே என்பது அதன் பொருள். காற்றோட்டம் இல்லாத ஒரே கொட்டடி. ஜட்சனின் காலில் மூன்று ஜோடி விலங்குகள். இரவில் கைதிகளின் கால்களுக்கு நடுவே ஒரு மூங்கிலைச் செருகி மேலே தூக்கி விடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும். விடியும் வரை அதே நிலைதான்!

தலையணையின் ரகசியம்

கைதிக்குச் சோறு போடும் பொறுப்பு சிறைக்குக் கிடையாது. உறவினர்தான் கொண்டு வர வேண்டும். ஆன் அம்மையார் கர்ப்பிணி. பர்மியப் பெண்களைப் போல உடை உடுத்திக் கொண்டு, தினம் ஓர் அதிகாரி வீட்டுக்கு நடந்தார். ராஜ குடும்பத்துப் பெண்களிடம் மனுப் போட்டார். கவர்னர் மனம் இளகினார். கைதிகளைக் கொல்ல ரகசிய உத்தரவு வந்தும் அவர் நிறைவேற்றவில்லை.

புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அம்மையார் முதலில் வீட்டில் மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தார். மழைக்காலத்தில் அது மக்கிப் போகும். ஆகவே அதை எடுத்துப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்து, ஒரு தலையணையாக்கினார். யாரும் ஆசைப்படாதபடி அதை முரடாகவும் அழகில்லாமலும் செய்து கணவரிடம் சேர்ப்பித்தார். பத்தாண்டு உழைப்பைத் தலைக்கு வைத்துக் கொண்டு ஜட்சன் படுத்தார்.

1825 ஜனவரி 26-ந் தேதி மரியா என்ற பெண் குழந்தை பிறந்தது. இருபதே நாள் குழந்தையைத் தூக்கிக் கொண்டு தாய் சிறைவாசலுக்கு வந்தார்.

மே மாதத்தில் கைதிகளைத் திடீரென்று வேறு சிறைக்குக் கிளப்பினார்கள். கொளுத்தும் வெயில், வெறுங்கால். சூட்டு மணலில் ஜட்சனின் பாதம் வெந்து தோல் உரிந்தது. ஒரு கிரேக்கக் கைதி வழியிலேயே விழுந்து இறந்தார். கூகரின் வங்காளி வேலைக்காரர் தம் தலைப்பாகையைக் கிழித்து ஜட்சனின் காலில் சுற்றிக் கட்டினார். தம் தோள் மீது அவரைச் சாய்த்துக் கொண்டு நடந்தார். ஜட்சன் பிழைத்தது அந்த மனிதரால்தான்.

சரி, தலையணை என்ன ஆயிற்று? சிறைக் காவலர்கள் மேலுறையை எடுத்துக் கொண்டு, உள்ளே இருந்த கெட்டிப் பஞ்சை வீசி எறிந்து விட்டார்கள். மௌங் இங் என்ற சீடர் எஜமானரின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வீட்டில் வைத்தார். உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது! சில மாதங்கள் கழித்துத்தான் உண்மை வெளியாயிற்று. ஓர் ஏடு கூடக் கெடவில்லை.

பிச்சைப் பால்

புதுச் சிறை இருந்த இடம் ஔங்-பென்-லா. கைக்குழந்தையோடு அம்மையாரும் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் வளர்த்து வந்த பர்மியச் சிறுமிக்கு அம்மை கண்டது. பிறகு குழந்தை மரியாவுக்கும் கண்டது. கடைசியில் தாயும் நோயில் விழுந்தார். பால் வற்றியது. குழந்தை கதறியது.

வீட்டுச் சமையற்காரர் ஒரு வங்காளி. தம் வேலையல்லாத வேலையை எல்லாம் செய்து, கூலி கேட்காமல், சில நாள் தாமும் பட்டினி கிடந்து அத்தனை பேரையும் காப்பாற்றினார். காவலர்களுக்குக் காசு கொடுத்து ஜட்சன் தினமும் சிறிது நேரம் வெளியே வந்தார். விலங்கு பூட்டிய காலோடு, குழந்தையை ஏந்திக் கொண்டு கிராமத்தில் வீடு வீடாகப் போவார். பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் ஒரு வாய்ப் பால் கேட்பார். அந்தப் பர்மியத் தாய்மார்கள் எதிரி நாட்டான் குழந்தை என்று பார்க்கவில்லை.

போரில் பர்மா தோற்றது. சமாதானம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். சிறையிலிருந்த ஜட்சனையே அரசாங்கம் அழைத்துக் கொண்டது! 1826 பிப்ரவரி 24-ந் தேதி யாண்டபூ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 20 மாதச் சிறைவாசம் முடிந்தது. விலங்குத் தழும்பு ஜட்சனின் காலில் ஆயுள் முழுவதும் இருந்தது.

கறுப்பு முத்திரைக் கடிதம்

ஆங்கிலேயர் வசமான கடற்கரைப் பகுதியில், ஆம்ஹர்ஸ்ட் என்ற புது ஊரில் குடும்பம் குடியேறியது. ஆங்கிலத் தூதருக்கு மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் மறுபடி ஆவாவுக்குப் போனார். உடன்படிக்கையில் மத சுதந்திரத்தைச் சேர்க்கலாம் என்பது அவர் நம்பிக்கை. அது பலிக்கவில்லை.

அங்கே அவருக்குக் கறுப்பு முத்திரை இட்ட ஒரு கடிதம் வந்தது. குழந்தை இறந்து விட்டது என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். மரியா நோஞ்சான் குழந்தை. ஜட்சன் மனத்தைத் திடப்படுத்திக் கொண்டு பிரித்தார். இறந்தது குழந்தை அல்ல, மனைவி! 1826 அக்டோபர் 24-ந் தேதி, 36 வயதில், ஆன் அம்மையார் காய்ச்சலில் காலமாகி விட்டார். சிறைக்குச் சிறை பின்தொடர்ந்தவர் இறக்கும் போது கணவர் அருகில் இல்லை. ஆறு மாதத்தில் மரியாவும் தாயின் பக்கத்தில் அடங்கினாள்.

ஜட்சன் நிலைகுலைந்து போனார். கையிலிருந்த பணத்தை மிஷனுக்குக் கொடுத்து விட்டார். காட்டில் ஒரு குடிசை கட்டித் தனியே வாழ்ந்தார். தமக்கென்று ஒரு சவக்குழி வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருப்பார். அந்தத் துயரத்திலிருந்து மீள அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. மீட்டது வேலைதான்.

சேராவும் எமிலியும்

1834 ஜனவரி 31-ந் தேதி பைபிள் மொழிபெயர்ப்பு முழுவதும் முடிந்தது. கடைசி ஏட்டைக் கையில் ஏந்தியபடி ஜட்சன் முழங்காலிட்டார். மேலும் திருத்தித் திருத்தி, 1840-ல்தான் செப்பமான பதிப்பை வெளியிட்டார்.

1834 ஏப்ரலில் அவர் சேரா போர்ட்மனை மணந்தார். சேராவின் முதல் கணவரும் பாதிரியார், 1831-ல் இறந்தவர். கணவர் போன பிறகும் ஊர் திரும்பாமல், டவாய் பகுதியில் கரேன் மலைச் சாதியாரிடையே சேரா பணி புரிந்து வந்தார். ஆறு வயது மகனைப் படிப்புக்காகத் தன்னந்தனியே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பியவர் அவர். ஜட்சனுக்கும் அவருக்கும் எட்டுக் குழந்தைகள்; பிழைத்தவை ஐந்து. சேராவின் உடல் நலத்துக்காக 1845-ல் அமெரிக்கா புறப்பட்டார்கள். செப்டம்பர் 1-ந் தேதி, செயின்ட் ஹெலினா தீவில் கப்பல் நின்றபோது சேரா இறந்தார். அந்தத் தீவிலேயே அடக்கம்.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஜட்சன் தாய்நாட்டில் கால் வைத்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. ஆனால் தொண்டை நோயால் அவர் குரல் எழும்பவில்லை. அவர் முணுமுணுக்க, அருகில் நின்ற ஒருவர் உரக்கச் சொன்னார்.

1846-ல் எமிலி சப்பக் என்ற பிரபல எழுத்தாளரை மணந்து மீண்டும் பர்மா திரும்பினார். மூத்த பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டு வந்தார். அவர்களை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

கடலில் அடங்கினார்

ஜட்சனின் கடைசி வேலை அகராதி. ஆங்கிலம்-பர்மியப் பகுதியை 1849-ல் முடித்தார். பர்மியம்-ஆங்கிலப் பகுதி பாதியில் நின்றது. காய்ச்சல் முற்றியது. கடல் காற்று குணமளிக்கும் என்று 1850 ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினார்கள். எமிலி நிறை கர்ப்பிணி. கூடப் போக முடியவில்லை. ஏப்ரல் 12-ந் தேதி ஜட்சன் உயிர் பிரிந்தது. அன்றே உடலைக் கடலில் இறக்கினார்கள்.

பத்து நாள் கழித்து மௌல்மீனில் எமிலிக்கு ஒரு மகன் பிறந்து அன்றே இறந்தான். கணவர் இறந்த செய்தி அவருக்கு எட்டியது நான்கு மாதத்துக்குப் பிறகு! 1854-ல் எமிலியும் காச நோயால் மறைந்தார்.

ஜட்சன் தொடங்கிய அகராதியை எட்வர்ட் ஸ்டீவன்ஸ் பாதிரியார் முடித்து 1852-ல் வெளியிட்டார். பர்மிய மொழி கற்ற அந்நியர்களுக்குப் பல தலைமுறைகள் அது கைவிளக்காக இருந்தது. சேராவின் மகன்களில் ஒருவர் எலும்பு வைத்திய நிபுணரானார். இன்னொரு மகன் எட்வர்ட், நியூயார்க்கில் தந்தையின் பெயரால் ஒரு கோயில் கட்டினார். 1920-ல் ரங்கூன் பல்கலைக் கழகம் அமைந்தபோது, ஜட்சன் பெயர் தாங்கிய கல்லூரி அதில் ஓர் அங்கமாயிற்று.

பர்மியர்களில் பெரும்பாலோர் புத்த மதத்தினராகவே இருக்கிறார்கள். ஆனால் இன்றைய மியன்மாரில் கிறிஸ்தவர்கள் கோயிலில் வாசிக்கும் பர்மிய வேதம் பெரும்பாலும் ஜட்சன் எழுதியதுதான். அது கிடைப்பதற்கு அவருடைய படிப்பு மட்டும் போதவில்லை. முரட்டுத் தலையணை ஒன்றைத் தைத்த மனைவியும், தூக்கி எறிந்த பஞ்சை எடுத்து வைத்த மௌங் இங்கும், தலைப்பாகையைக் கிழித்துக் கொடுத்த பெயர் தெரியாத வங்காளியும் தேவைப்பட்டார்கள்.